ஆட்கள் கிடைக்கிறார்கள், நமக்கு வேண்டிய ஆட்கள்தானா? ஒரு சர்வே பேனல் சேவையைப் பயன்படுத்திப் பார்த்த விமர்சனம்

கடைசி வரை படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல் துலக்குவது, செல்போன் பார்ப்பது மாதிரி யாரைக் கேட்டாலும் பதில் தெரிந்த விஷயத்தைக் கேட்கப் போகிறீர்கள் என்றால் சர்வேக்குப் பதில் சொல்ல ஆட்களைத் திரட்டித் தரும் இந்தச் சேவை தாராளமாகப் போதும். நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் மட்டுமே இருக்கக்கூடிய ஒரு கூட்டத்தைத் தேடிப் போகிறீர்கள் என்றால், தகுதியான ஆட்களை மட்டும் உள்ளே விட இந்த நிறுவனம் கையில் கொடுக்கும் ஸ்கிரீனிங் கேள்விகளை அப்படியே நம்பி இறங்காதீர்கள். மென்பொருளுக்கு ஐந்துக்கு நான்கு தருவேன், அந்தக் கேள்விகள் அடங்கிய ரெடிமேட் ஸ்கிரீனருக்கு ஒன்றரை, பதில் சொல்ல வந்த ஆட்களுக்கு இரண்டரை. அந்த இரண்டரையும் நாங்கள் கேள்விகளை மாற்றி எழுதிய பிறகு வந்தவர்களைப் பார்த்துப் போட்டது.

சேவையின் பெயரைப் போடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி இந்த ஒரு நிறுவனத்துடையது மட்டும் இல்லை, தொழிலே அப்படித்தான் ஓடுகிறது. பெயரைப் போட்டால் படிப்பவர்கள் "சரி, இதை விட்டுவிட்டு வேறொன்றை வாங்கிக்கொள்வோம்" என்று நிம்மதியாகப் போய்விடுவார்கள், அங்கேயும் இதே கதைதான் காத்திருக்கும்.

எங்களுக்கு வேண்டியிருந்தது காது கேட்கும் கருவி பயன்படுத்துபவர்கள். அதிலும் வாங்கி டிராயரில் போட்டுவிட்டவர்கள் இல்லை, சமீபத்தில் வாங்கி இப்போதும் தினமும் போட்டுக்கொள்பவர்கள், அதோடு கருவியைச் செல்போனுடன் இணைத்து ஆப் மூலம் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பழகியவர்கள். இப்படி மூன்று நான்கு நிபந்தனைகளை அடுக்கிக்கொண்டே போனால் தகுதியானவர்களின் எண்ணிக்கை எவ்வளவு வேகமாகச் சுருங்கும் என்பது இந்த வேலை செய்பவர்களுக்குத் தெரியும். கேள்வித்தாளை உருவாக்கும் மென்பொருளும் பதில் சொல்ல ஆட்களைத் தரும் பேனலும் ஒரே இடத்தில் கிடைப்பதால் இந்தச் சேவையைத் தேர்ந்தெடுத்தோம்.

மென்பொருளைப் பற்றி முதலில். அது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. எந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்தால் ஆள் உள்ளே வர வேண்டும், எதற்கு வெளியே போக வேண்டும், எதற்கு இன்னொரு கேள்வி கேட்டுவிட்டு முடிவு செய்ய வேண்டும் என்பதையெல்லாம் ஒரே திரையில் கோடு இழுத்துக் காட்டுகிறது. இரண்டு கேள்விகளின் பதிலைச் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கச் சொல்லலாம். வெளியேறுபவருக்குத் தனிப் பக்கம், வெற்றிகரமாக முடிப்பவருக்குத் தனிப் பக்கம், கோட்டா, அதாவது எத்தனை பேர் வேண்டும் என்று நாம் வைத்த வரம்பு, நிரம்பிய பிறகு வருபவருக்குத் தனிப் பக்கம். இந்த மூன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்கிறது என்பது முக்கியம், ஏனென்றால் தகுதி இல்லாமல் போனவரையும் இடம் இல்லாமல் போனவரையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் நம் மக்கள்தொகையில் இந்தக் கூட்டம் எவ்வளவு அரிது என்ற கணக்கே கெட்டுவிடும்.

இலவசமாகவே கூகுள் ஃபார்ம்ஸ் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சின்ன வேலைக்குக் கூகுள் ஃபார்ம்ஸ் போதும்தான். ஒரே ஒரு பதிலைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியிலும் டிராப்டவுனிலும் பதிலைப் பொறுத்து வேறு பிரிவுக்கு அனுப்பலாம், தகுதி இல்லாதவரை நேராகச் சமர்ப்பிக்கும் இடத்துக்கே அனுப்பிவிடலாம். பல பதில்களை டிக் செய்யும் செக்பாக்ஸ் கேள்வியில் மட்டும் அந்த வசதி கிடையாது. நல்ல ஸ்கிரீனிங் கேள்வி பெரும்பாலும் செக்பாக்ஸ் வடிவத்தில்தான் இருக்கும் என்பதால் இது பெரிய இடறல். லைம்சர்வே என்ற சர்வே மென்பொருள் ஓப்பன் சோர்ஸ், அதில் கோட்டா வசதியை வைத்தே வடிகட்டலாம்: வேண்டாத பதிலுக்குக் கோட்டாவைப் பூஜ்யம் என்று வைத்துவிட்டால் அந்தப் பதிலைச் சொன்னவர் அங்கேயே நின்றுவிடுவார். குறுக்கு வழி மாதிரி தோன்றும், ஆனால் அவர்களுடைய முறையான வழியே அதுதான். சர்வேமங்கி என்ற சர்வே தளத்தில் தகுதியற்றவர்களுக்கான பக்கம் என்று தனியாகவே ஒன்று உண்டு. நாங்கள் பயன்படுத்திய சேவை இவை எல்லாவற்றையும் விட வசதியில் ஒரு படி மேல் என்றுதான் சொல்வேன்.

இப்போது ரெடிமேட் ஸ்கிரீனருக்கு வருவோம். "ஆரோக்கியம்" என்ற தலைப்பைத் திறந்தால் காது கேட்கும் கருவிக்கென்று அவர்களே எழுதி வைத்திருக்கும் கேள்வி இது: "நீங்கள் காது கேட்கும் கருவி பயன்படுத்துகிறீர்களா? ஆம் / இல்லை." அவ்வளவுதான். அதற்கு மேலே சர்வேயின் தலைப்பு வேறு, "காது கேட்கும் கருவி பயனர் அனுபவ ஆய்வு" என்று கொட்டை எழுத்தில்.

ஒரு நிமிடம் பதில் சொல்பவரின் இடத்தில் இருந்து பாருங்கள். சர்வேயை முடித்தால் அவருக்கு ஏதோ பாயிண்ட் கிடைக்கும், முடிக்காவிட்டால் ஒன்றும் கிடைக்காது. தலைப்பே யாரைத் தேடுகிறார்கள் என்று சொல்லிவிட்டது, கேள்வியில் இரண்டே இரண்டு பொத்தான்கள், அதில் எது கதவைத் திறக்கும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். பெரும்பாலானவர்கள் நேர்மையாகத்தான் பதில் சொல்வார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இங்கே கணக்கு நமக்கு எதிராக வேலை செய்கிறது. ஆயிரம் பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் உண்மையிலேயே கருவி பயன்படுத்துபவர்கள் 30 பேர். மீதி 970 பேரில் நூற்றுக்கு ஐந்து பேர் மட்டும் பொய்யாகவோ கவனமில்லாமலோ "ஆம்" என்று அழுத்தினால் அது 48 பேர். நமக்கு உள்ளே வந்து சேர்ந்தவர்கள் 78, அதில் பாதிக்கு மேல் அந்தக் கருவியைக் கையால்கூடத் தொடாதவர்கள். வந்தவர்களில் 95 சதவீதம் பேர் யோக்கியமானவர்கள், நம் டேட்டா மட்டும் குப்பை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. சாண்ட்லர், பாவோலாச்சி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2017இல் இதையேதான் ஒரு ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள்: முன்வடிகட்டலில் பெரும்பாலானோர் நேர்மையாக இருந்தும், தேடும் கூட்டம் அரிதாக இருந்தால் கடைசியில் உள்ளே நிற்பவர்களில் பெரும்பாலானோர் வேடதாரிகளாக இருக்க முடியும் என்று. இதைவிட வேடிக்கையான உதாரணம் அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி மையத்துடையது. யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய ஆன்லைன் சர்வே ஒன்றில் அவர்கள் கேட்ட கேள்வி, அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை ஓட்ட உங்களுக்கு உரிமம் இருக்கிறதா என்பது. 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் 12 சதவீதம் பேர் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். உண்மையில் அப்படிப்பட்டவர்கள் பூஜ்யத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு எண்ணிக்கை. "ஆம்" என்ற பொத்தானுக்கு இருக்கும் கவர்ச்சி அது.

அவர்களுடைய ஸ்கிரீனரை ஒரு சின்னக் கூட்டத்துக்கும், நாங்கள் எழுதியதை இன்னொரு சின்னக் கூட்டத்துக்கும் ஒரே நேரத்தில் விட்டுப் பார்த்தோம். அவர்களுடையதில் தகுதி பெற்றவர்கள் மளமளவென்று குவிந்தார்கள். எங்களுடையதில் சொட்டுச் சொட்டாக வந்தார்கள். டாஷ்போர்டு அவர்களுடையதைப் பச்சையிலும் எங்களுடையதைச் சிவப்பிலும் காட்டி, "உங்கள் ஸ்கிரீனர் மிகவும் கடுமையாக இருக்கிறது, தளர்த்தினால் சீக்கிரம் முடியும்" என்று அறிவுரை வேறு சொன்னது. எந்த ஸ்கிரீனர் சரியான ஆளைப் பிடித்தது என்று சொல்ல அதற்கு வழியே இல்லை, எது வேகமாக ஆளைப் பிடித்தது என்பதைத்தான் அளக்கிறது. பணம் ஒவ்வொரு முழுப் பதிலுக்கும் வசூலிக்கப்படுகிறது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

நாங்கள் எழுதிய ஸ்கிரீனரைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், சேவையின் குறையும் நிறையும் அதில்தான் வெளியே வந்தது.

தலைப்பை முதலில் மாற்றினோம், "அன்றாட வாழ்க்கையும் சாதனங்களும்" என்று எதையும் காட்டிக்கொடுக்காத ஒன்றாக. முதல் கேள்வியில் பத்துப் பன்னிரண்டு பொருட்களைக் கொடுத்து, இவற்றில் எதையெல்லாம் கடந்த ஏழு நாட்களில் நீங்களே பயன்படுத்தினீர்கள் என்று கேட்டோம். மூக்குக் கண்ணாடி, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, ஸ்மார்ட் வாட்ச், காது கேட்கும் கருவி, ஊன்றுகோல், இப்படி. "நீங்களே" என்ற சொல்லுக்கு அங்கே வேலை உண்டு, வீட்டில் அம்மாவோ தாத்தாவோ வைத்திருக்கும் கருவியை நினைத்து டிக் செய்பவர்கள் ஏராளம். "ஏழு நாட்களில்" என்பதற்கும்தான், "பயன்படுத்துகிறீர்களா" என்று பொதுவாகக் கேட்டால் எப்போதோ போட்டுப் பார்த்தவரும் ஆம் என்பார். பட்டியலில் இருப்பதையெல்லாம் டிக் செய்துவிட்டு வருபவர்கள் தாமாகவே மாட்டிக்கொள்வார்கள், பட்டியலில் சாதாரணமாக யாரிடமும் இருக்க வாய்ப்பில்லாத ஒரு பொருளையும் சேர்த்திருந்தோம். பட்டியலின் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றிக் காட்டும் வசதி மென்பொருளில் இருக்கிறது. "இவற்றில் எதுவும் இல்லை" என்பதை மட்டும் கடைசியில் பூட்டி வைக்கவும், அதைத் தேர்ந்தெடுத்தால் மற்ற டிக் எல்லாம் தானாக நீங்கவும் செய்யலாம். இந்த மாதிரி சின்ன விஷயங்களில் கவனமாகத்தான் செய்திருக்கிறார்கள்.

அடுத்தது, கருவி வைத்திருப்பவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்பது. பேட்டரி. காது கேட்கும் கருவியின் பேட்டரிகள் 10, 312, 13, 675 என்று நான்கு அளவுகளில் வரும், ஒவ்வொன்றின் ஸ்டிக்கருக்கும் ஒரு நிறம்: மஞ்சள், பழுப்பு, ஆரஞ்சு, நீலம். எந்த நிறுவனம் தயாரித்தாலும் நிறம் மாறாது. ஸ்டிக்கரை உரித்தால்தான் உள்ளே காற்றுப் போய் பேட்டரி வேலை செய்யத் தொடங்கும். தினமும் போடுபவருக்குச் சில நாட்களில் தொடங்கி அதிகம் போனால் இரண்டு மூன்று வாரம் வரை தாங்கும். எனவே எங்கள் கேள்வி, பேட்டரியை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள் என்பது. விடைகளில் "சார்ஜ் செய்யும் கருவி, மாற்றுவதில்லை" என்பதும் இருக்க வேண்டும், இப்போது அவைதான் நிறைய. கருவியையே பார்க்காதவர் கடிகார பேட்டரியை நினைத்துக்கொண்டு "வருடத்துக்கு ஒருமுறை" என்பதை அழுத்துவார். எவ்வளவு பேர் அழுத்தினார்கள் தெரியுமா! முதல் கேள்வியைத் தாண்டி வந்தவர்களில் கணிசமான பகுதி இங்கேதான் விழுந்தது. அவர்களுடைய ரெடிமேட் ஸ்கிரீனர் வழியாக வந்தவர்களுக்கு இதே பேட்டரி கேள்வியைக் கடைசியில் வைத்திருந்தோம், அங்கே நிலைமை இன்னும் மோசம், பாதிக்கும் மேல் போய்விட்டது.

பிராண்டு பட்டியலில் உலகத்திலேயே இல்லாத ஒரு பிராண்டின் பெயரையும் சேர்ப்பது பழைய உத்தி. செய்தோம், ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்காக மட்டும் யாரையும் வெளியே அனுப்பவில்லை. கருவியை மகனோ மகளோ வாங்கிக் கொடுத்திருப்பார், பெயர் ஞாபகம் இருக்காது, எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது என்று உண்மையான பயனரே தப்பாக அழுத்திவிடுவார். இரண்டு இடத்தில் தடுமாறினால்தான் வெளியே என்று வைத்தோம். இதற்குத் தேவையான மதிப்பெண் முறை மென்பொருளில் இருக்கிறது, ஆனால் "மேம்பட்ட அமைப்புகள்" என்பதற்குள் இன்னொரு "மேம்பட்ட அமைப்புகள்" திறந்து அதற்குள் போய்த் தேட வேண்டும். யார் அந்த மெனுவை வடிவமைத்தார்களோ, அவர்களுக்கு ஒரு சர்வே அனுப்ப ஆசை.

எல்லாவற்றையும் விட நன்றாக வேலை செய்தது ஒரு திறந்த கேள்வி: கருவியில் உங்களுக்குத் தொந்தரவாக இருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். உண்மையானவர்கள் வசைபாடித் தீர்த்தார்கள். தலையணையில் சாய்ந்தால் விசில் அடிக்கிறது, காற்று அடித்தால் இரைச்சல், கூட்டத்தில் எல்லாருடைய பேச்சும் ஒரே சத்தத்தில் கேட்கிறது, கண்ணாடியும் முகக்கவசமும் கருவியும் ஒரே காதில் எப்படி மாட்டுவது. மற்றவர்கள் "நல்ல தயாரிப்பு", "எதுவும் இல்லை", "மிகவும் பயனுள்ளதாக உள்ளது" என்று எழுதினார்கள். ஒரே வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் பலர் எழுதியதையும் பார்த்தோம். இந்த மாதிரிப் பதில்களை மென்பொருளே கண்டுபிடித்துக் குறியிட்டுக் காட்டும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். தட்டச்சுக் குப்பையையும் அப்படியே நகலெடுத்ததையும் பிடிக்கிறது, உண்மை. ஆனால் இலக்கணம் சுத்தமாக, எல்லாக் கோணத்தையும் தொட்டுச் செல்லும், எந்தக் காதிலும் மாட்டப்படாத கருவியைப் பற்றிய ஏஐ பதில்களை அது தரமான பதில் என்று பாராட்டுகிறது. அதையெல்லாம் நாங்கள் உட்கார்ந்து கண்ணால் படித்துத்தான் களைந்தோம்.

வெளியே போனவர் திரும்பி வரும் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். நிறுவியதும் இருக்கும் அமைப்பில், தகுதி இல்லை என்று வெளியே அனுப்பப்பட்டவர் பிரவுசரில் பின்னால் போய், பதிலை மாற்றி, மறுபடி உள்ளே வரலாம். நம்புவதற்குக் கஷ்டம்தான். அதைத் தடுக்க ஒரு சுவிட்ச் இருக்கிறது, ஆனால் தொடக்கத்தில் அது ஆஃப். ஒரே சாதனத்தில் இருந்து இரண்டாவது முறை வருவதைத் தடுக்க இன்னொரு சுவிட்ச், அதுவும் ஆஃப். இரண்டையும் ஆன் செய்யாமல் சர்வேயை வெளியிடாதீர்கள். தகுதியற்றவர் பக்கத்தில் "நீங்கள் காது கேட்கும் கருவி பயன்படுத்தாததால் இந்த ஆய்வில் பங்கேற்க முடியாது" என்று எழுதுவதும் வேண்டாம், அது அடுத்த முறை எப்படி நுழையலாம் என்று சொல்லிக்கொடுப்பது போலத்தான். "உங்கள் நேரத்துக்கு நன்றி, இப்போதைக்கு எங்களுக்குத் தேவையான குழு நிரம்பிவிட்டது" என்பது போதும். சிலர் இதைப் பொய் என்று ஆட்சேபிப்பார்கள். அப்படி என்றால் "இந்த ஆய்வுக்கு வேறு விவரம் உள்ளவர்களைத் தேடுகிறோம்" என்று எழுதலாம், அது மெய்யும்தான், எதையும் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

அந்தப் பக்கத்தில் இருப்பது எப்படி என்று பார்க்க நானே பேனலில் உறுப்பினராகச் சேர்ந்தேன். எரிச்சல்தான். வயது, ஊர், வேலை, வருமானம், வீட்டில் எத்தனை பேர் என்று பதினைந்து கேள்வி கேட்டுவிட்டு, நன்றி, நீங்கள் பொருந்தவில்லை. அடுத்த சர்வேயில் மறுபடி வயது, ஊர், வேலை. இதையெல்லாம் சேரும்போதே ஒருமுறை கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள், இருந்தும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் திரும்பக் கேட்கிறார். இப்படி நாலு இடத்தில் வாசலோடு திருப்பி அனுப்பப்படுபவர் ஐந்தாவது இடத்தில் பொய் சொல்லக் கற்றுக்கொள்வதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பொய்யர்களில் ஒரு பகுதியை உருவாக்குவதே மோசமான ஸ்கிரீனர்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தகுதியை முடிவு செய்யும் கேள்வியை முதல் இரண்டு மூன்று இடங்களுக்குள் வையுங்கள், ஒருவரை வெளியே அனுப்பப் பயன்படாத கேள்வி எதுவும் அதற்கு முன்னால் வேண்டாம். வருமானம் மாதிரி கூச்சம் தரும் கேள்விகள் கடைசிக்குப் போகட்டும், கோட்டாவுக்குத் தேவைப்பட்டால் ஒழிய.

2014இல் தொடங்கிய புரோலிஃபிக் என்ற ஆன்லைன் பேனல் சேவை இந்த விஷயத்தில் வேறு வழியில் போகிறது. உறுப்பினர்கள் தங்களைப் பற்றிய விவரங்களை முன்கூட்டியே நிரப்பி வைக்கிறார்கள், ஆய்வாளர் அதை வைத்து வடிகட்டுகிறார், பொருந்துபவர்களுக்கு மட்டும் ஆய்வு கண்ணில் படும். எந்த ஆய்வுக்கு எந்தப் பதில் தேவைப்படும் என்று தெரியாத நேரத்தில் சொன்ன பதில் என்பதால் பொய் சொல்லும் ஆசை குறைவு. நாங்கள் பயன்படுத்திய சேவையிலும் இப்படி முன்விவரத் தேர்வு இருக்கிறது, ஆனால் அந்த விவரம் எப்போது நிரப்பப்பட்டது என்று நமக்குக் காட்டுவதில்லை. வேலையில் இருப்பதாகப் பதிவானவர் ஓய்வு பெற்றிருப்பார், குழந்தை இல்லை என்று பதிவானவருக்கு இரண்டு பிறந்திருக்கும். அதனால் முன்விவரத்தை வைத்து முதல் வடிகட்டல், உள்ளே மறுபடி ஒரு கேள்வி, இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் எடுத்துக்கொள்வது என்று செய்தோம். ஒத்துப்போகாதவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம்.

இவ்வளவு செய்தும் ஒரு பிரச்சினையை ஸ்கிரீனர் தீர்க்காது. காது கேட்கும் கருவி போடுபவர்களில் பெரும்பாலானவர்கள் வயதானவர்கள், ஆன்லைன் பேனலில் பாயிண்ட் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் இளையவர்கள். இல்லாத ஆளை எந்தக் கேள்வியாலும் வரவழைக்க முடியாது. 1936 அமெரிக்கத் தேர்தலுக்கு லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரியை அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கி, லாண்டன் ஜெயிப்பார் என்று சொன்னது. ஜெயித்தது ரூஸ்வெல்ட், அதுவும் இரண்டு மாநிலங்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு. தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களில் இருந்து முகவரி எடுத்ததும், பதில் போட ஆர்வம் இருந்தவர்கள் மட்டும் போட்டதும் காரணம் என்கிறார்கள். எங்கள் சர்வேயில் தகுதி பெற்ற உண்மையான பயனர்களும் சராசரி பயனரைவிட இளையவர்களாக, ஆப் பயன்படுத்துவதில் கைதேர்ந்தவர்களாக இருந்தார்கள். ஆப் பற்றிய கேள்விகளுக்கு இது பெரிய பாதகம் இல்லை. பொத்தான் சின்னதாக இருக்கிறதா, கை நடுங்கும்போது பேட்டரியை மாற்ற முடிகிறதா என்பதையெல்லாம் இவர்களிடம் கேட்டு முடிவெடுத்தால் தப்பாகிவிடும், அதற்குக் கருவி பொருத்தும் கிளினிக்குகள் வழியாகத்தான் ஆள் தேட வேண்டும்.

சேவை ஆதரவு பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. சாட்டில் சீக்கிரம் பதில் வரும், மரியாதையாகப் பேசுவார்கள். நாங்கள் நிராகரித்த பதில்களுக்குப் பதிலாக வேறு ஆட்களைக் கொடுத்தார்கள், அதற்குத் தனியாகப் பணம் வாங்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் ஏன் நிராகரித்தோம் என்று விளக்கம் கேட்டார்கள். "பேட்டரியை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறாராம்" என்று எழுதினால், "அது பதிலளிப்பவரின் தனிப்பட்ட அனுபவமாக இருக்கலாம்" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பேனலில் வரும் ஆட்களில் ஒரு பகுதி அவர்களுடைய சொந்த உறுப்பினர்கள் இல்லை, வேறு நிறுவனங்களிடம் இருந்து வாங்கி அனுப்பப்படுபவர்கள் என்பது பாதியில்தான் தெரிய வந்தது. ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறதாம். இது தொழிலில் சாதாரணம். ஆனால் ஆள் எத்தனை கை மாறி வருகிறாரோ அத்தனைக்கு யார் அவரைச் சரிபார்த்தார் என்பது மங்கிப்போகும். 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் எட்டுப் பேர் மீது, சர்வே டேட்டாவைப் போலியாகத் தயாரித்து வாடிக்கையாளர்களிடம் சுமார் ஒரு கோடி டாலர் வசூலித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. குற்றச்சாட்டின்படி, பணம் கொடுத்து ஆட்களை வைத்து பதில்களை நிரப்பியதோடு, வடிகட்டும் கேள்விகளுக்கு என்ன சொன்னால் உள்ளே போகலாம் என்றும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஸ்கிரீனரின் விடைத்தாளே உள்ளிருந்து போய்விட்டால் கேள்வியை எவ்வளவு சாமர்த்தியமாக எழுதி என்ன? அதனால்தான் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் என்று சந்தை ஆய்வுத் துறையின் சர்வதேச அமைப்பான எசோமார் ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள், எத்தனை சர்வேக்களில் ஒருவர் கலந்துகொள்ளலாம், ஒருவரே இருவராக வருவதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள், எல்லாம் அதில் இருக்கும். பணம் கட்டுவதற்கு முன்னால் அதை அனுப்பிப் பாருங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு இடம் பார்க்கலாம்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு, ஸ்கிரீனரை அளவுக்கு மீறி இறுக்குவது. எங்களுடைய முதல் வரைவில் பிராண்டு, மாடல், வாங்கிய மாதம் மூன்றும் சரியாகச் சொன்னால்தான் உள்ளே என்று ஒரு சக ஊழியர் போட்டிருந்தார். அப்படி வடிகட்டினால் ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பவர்களின் கருத்துதான் கிடைக்கும். சந்தேகத்துக்கு இடமான ஒருவரை உள்ளே விட்டு, பின்னால் அவருடைய பதில்களைச் சரிபார்த்து நீக்கிக்கொள்ளலாம். வாசலிலேயே திருப்பி அனுப்பிய உண்மையான ஆள் போனது போனதுதான்.

யாருக்கு இந்தச் சேவை சரிவரும்? சர்வே எழுதத் தெரிந்தவர்களுக்கு, பதில்களை உட்கார்ந்து படிக்க நேரம் இருப்பவர்களுக்கு. முழுக்கூட்டத்துக்கும் விடுவதற்கு முன்னால் சின்னக் கூட்டத்துக்கு விட்டுப் பார்க்கும் சாஃப்ட் லாஞ்ச் வசதி இதில் அருமையாக இருக்கிறது, அதை மட்டும் தவறவே விடாதீர்கள், எத்தனை பேர் எந்தக் கேள்வியில் வெளியே போகிறார்கள் என்று அங்கே தெரிந்துவிடும். "ஸ்கிரீனரை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற அவர்களுடைய பிரீமியம் திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். பார்த்துக்கொள்ளப் போவது அந்த ஆம் / இல்லை கேள்வியைத்தான்.

அடுத்த சுற்றுக்கு மென்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆட்களைக் கிளினிக்குகள் மூலமாக நாங்களே திரட்டப் போகிறோம். வெளியே அனுப்பப்பட்டவர்களின் பதில்களையும் தரவிறக்கம் செய்ய அனுமதி கேட்டிருக்கிறேன், இப்போதைக்கு எண்ணிக்கை மட்டும்தான் காட்டுகிறார்கள். அடுத்த பதிப்பில் வரும் என்கிறார்கள். வந்தால் மென்பொருளுக்கு இன்னொரு அரை மதிப்பெண் சேர்த்துக்கொள்ளுங்கள்.